அகழிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"அவுக போய் ஒன்பது மாசம் ஆகுது. ராத்திரி சாப்பிட்டு முகப்புல உக்காந்து கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சுட்டாக. மாரடைப்புன்னு சொன்னாக. கேதம் கேக்க வந்தவுக எல்லாம் போனப்புறம் இவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒருத்திதான். மூணாம் மாசம் மகன் ஊரப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனான். பேரன் ஆசைப்பட்டான்னு வண்டலூர் போனோம். அவங்க சுத்திப் பாக்கப் போயிட்டாங்க, நான் புலி இருக்கிற இடத்துலயே உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம் அது படுத்திருந்துச்சு, நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா விடியிற வரைக்கும் தூங்கினேன். அதுலேருந்து மாசம் ஒரு தடவை போறேன். போன தடவை அந்தப் புலி வெளியில வரல. எனக்குக் கைகால் நடுங்கிப் போச்சு. 'கோயிலுக்கே போகாத வருசத்துல மிருகக்காட்சி சாலை கேக்குதா'ன்னு நாத்தனார் கேக்குறாக. சிங்கப்பூர்ல இருக்கிற தம்பி மக, தாய்லாந்து போகலாம் வாங்க, அங்க புலியத் தொட்டே பாக்கலாம்கிறா. மகன், அப்பா பேருல அந்தப் புலியைத் தத்தெடுப்போம்கிறான். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? நான் போகலாமா, நிறுத்திடணுமா?"

அன்புள்ள ஆச்சி,

உங்கள் புத்தி நன்றாகவே இருக்கிறது. போங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் போகிற முறையில் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்குக் கைகால் நடுங்கிய அந்த நாளும், மகன் சொல்லும் தத்தெடுப்பும் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கின்றன. அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். கேதம் கேட்க வந்த ஒவ்வொருவரும் உங்களிடம் ஏதோ ஒன்றைக் கேட்டிருப்பார்கள். எப்படி ஆனது, கடைசியாக என்ன சொன்னார், இனி எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று. வந்தவர்கள் அழுதால் அவர்களைத் தேற்றியதும் நீங்களாகத்தான் இருந்திருக்கும். வீடும் சும்மா விடாது. முகப்பைக் கடந்தால் அந்த நாற்காலி, வளவுக்கு, அந்த உள்முற்றத்துக்கு வந்தால் அவர் குரல். புலி உங்களிடம் எதையும் கேட்கவில்லை. அதே நேரத்தில் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. அவ்வளவு பெரிய விலங்கு எதிரே கிடக்கும்போது உடம்பு தானாகவே விழித்துக்கொள்ளும், கண் அதன் மேல் நிற்கும். "அன்றைக்கு டாக்டரிடம் காட்டியிருந்தால்" என்று ஒரே தடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மனசு, யாரும் பிடித்து இழுக்காமலே அந்தத் தடத்தை விட்டு இறங்குகிறது. அந்த ஓய்வு கிடைத்ததால்தான் இரவில் தூக்கம் வந்தது.

துணையை இழந்தவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கூட் என்ற இருவரும் 1999-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கப்படுகிற மனிதர் இழப்பின் பக்கம் போவதும், அங்கிருந்து அன்றாட வாழ்க்கையின் பக்கம் வருவதும், மறுபடி இழப்பின் பக்கம் போவதுமாக இருக்கிறார். இந்த அசைவுதான் அவரை ஆற்றுகிறது என்றார்கள். உங்கள் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமே பிடித்துவைத்தால் அது ஊஞ்சல் இல்லை. முதல் மூன்று மாதம் இழப்பின் பக்கமே நின்றுபோன ஊஞ்சலை வண்டலூர் கொஞ்சம் அசைத்துவிட்டது.

அதனால் நீங்கள் வண்டலூர் போய்வருவதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வேண்டும். ஊஞ்சல் திரும்பி வந்தாக வேண்டும்.

பயணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ராத்திரி பஸ் ஏறிக் கிளாம்பாக்கத்தில் விடியற்காலை இறங்கி, அங்கிருந்து பக்கம்தானே என்று நேரே பூங்காவுக்குப் போக வேண்டாம். தூங்காத உடம்பில் துக்கம் இரண்டு பங்காக ஏறும். மகன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலை போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்கள், எல்லாவற்றுக்கும் மேல் காணும் பொங்கல், இந்த நாட்களை அறவே தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. புதன் அல்லது வியாழன், காலை 9 மணிக்குத் திறந்ததும் உள்ளே போவது நல்லது. புலியும் சிங்கமும் ஒரு நாளில் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும், வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும். காலை முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் எழுந்து நடக்க, தண்ணீரில் இறங்க வாய்ப்பு உண்டு. பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். எல்லாவற்றையும் பார்க்க நடந்தால் முட்டி வலி மட்டும்தான் மிஞ்சும். பேட்டரி வண்டியில் புலி இருக்கும் இடத்துக்குப் போய் இறங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குரங்கு பிடுங்கிவிடும். தண்ணீர் மட்டும் போதும், காலைப் பலகாரத்தை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். பி.பி., சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். துக்கத்தில் முதலில் தவறுவது மாத்திரைதான்.

உட்கார்ந்த பிறகு நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கைபேசியில் அலாரம் வைத்து, சத்தத்தை மட்டும் அடக்கிவிடுங்கள்.

முதல் 15 நிமிடம் புலியின் உடம்பை மட்டும் பாருங்கள். வால் நுனியில் ஆரம்பியுங்கள். உடம்பு முழுக்க அசையாமல் கிடந்தாலும் அந்த நுனி மட்டும் மெல்லத் தூக்கித் தூக்கிப் போடும். அடுத்தது விலா. மூச்சு இழுக்கும்போது அங்கே உள்ள கறுப்பு வரிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும், விடும்போது நெருங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு இறங்கும். பிறகு காது. ஒவ்வொரு காதின் பின்புறத்திலும் கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது திரும்பிப் படுக்கும்போது தேடுங்கள். கண்மணி நம் வீட்டுப் பூனைக்கு இருப்பதுபோல் கீற்றாக இருக்காது, வட்டமாக இருக்கும். கீப்பர் அருகே வந்தால் சில புலிகள் மூக்கு வழியே 'ப்ஃபுர்' என்று தொடர்ந்து காற்றை விடும். அது உறுமல் இல்லை, தெரிந்தவருக்குச் சொல்லும் வணக்கம் மாதிரி. தூரத்தில் சிங்கம் கர்ஜித்தால் பயந்துவிடாதீர்கள். அந்த ஓசையின் அடித்தொனி நெஞ்சுக்கூட்டிலேயே அதிரும், அதை மாரடைப்பு என்று நினைத்துக்கொள்ள இடம் உண்டு. உங்கள் வீட்டில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று பட்டது. ஓசை நின்றதும் அதிர்வும் நின்றுவிடும். ஓசை நின்ற பிறகும் நெஞ்சு வலித்தால், தோள்பட்டைக்குப் பரவினால், வியர்த்தால், அது வேறு; உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

நடுவில் 20 நிமிடம் அவருக்கு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு நினைவு. கல்யாணத்தன்று பார்த்த முகமா, கணக்கு நோட்டில் அவர் எழுத்தா, சாப்பாட்டில் அவர் பிடித்த வம்பா, எதுவோ ஒன்றை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மனசுக்குள் அவரிடம் பேசுவதும் சரிதான். போனவர்களோடு உறவு அறுந்துவிடவேண்டும் என்ற பழைய கருத்தைத் துக்க ஆராய்ச்சியாளர்கள் 1990-களிலேயே கைவிட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு வைத்து வணங்குகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசி 15 நிமிடம் திரும்பி வருவதற்கு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அழுத கண்ணோடு எழுந்து நேரே ஆட்டோ ஏறினால், திறந்த துக்கம் திறந்தபடியே வீட்டுக்கு வரும், ராத்திரி இரண்டு மணிக்கு அது உங்களை எழுப்பும். எழுந்து நில்லுங்கள். கண்ணில் படுகிற ஐந்து பொருட்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: மூங்கில், கம்பி, அந்தப் பிள்ளையின் மஞ்சள் தொப்பி, எதுவானாலும். முகம் கழுவுங்கள், சூடாக ஒரு டீ குடியுங்கள். சின்ன நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: தேதி, புலி என்ன செய்தது, எந்த நினைவை எடுத்துப் போனேன், இப்போது எப்படி இருக்கிறது. அன்று சாயங்காலம் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். பேரனுக்குப் பாடம் சொல்வதோ, கந்தரப்பத்துக்கு ஊறப்போடுவதோ.

அடுத்த மூன்று நாளும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டும் கொஞ்சமாவது சீராக இருந்தால் போய்வந்தது உதவியிருக்கிறது. மூன்று நாளும் அழுதே கழிந்தது, ஊருக்குத் திரும்பவே மனசில்லை என்றால், அடுத்த முறை நடுப்பகுதியை 20 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறையுங்கள். இரண்டு தடவைக்கு நடுவே மூன்று வாரமாவது இடைவெளி இருக்கட்டும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், வாரா வாரம் போகத் தோன்றினால், அது ஆறுதல் தேடுவதைத் தாண்டி வீட்டை விட்டு ஓடுவதாகிவிட்டது என்று அர்த்தம்.

இனி, புலி வெளியே வராத அந்த நாள். மகனும் பேரனும் எடுத்த பழைய படங்கள் கைபேசியில் இருக்கும் அல்லவா? அவற்றை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு வேறு. அதனால் ஒரே பக்கம் தெரியும் இரண்டு படங்களை எடுத்து, கண்ணுக்கு மேலுள்ள வரிகளையும் விலாவில் உள்ள வரிகளையும் ஒப்பிடுங்கள். இத்தனை மாதமாக நீங்கள் பார்த்தது ஒரே புலி இல்லை, இரண்டோ மூன்றோ என்று தெரியவந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். புலி தனியாக வாழும் விலங்கு. பல புலிகள் உள்ள பூங்காவில் அவற்றை முறைவைத்து வெளியே விடுவது வழக்கம். ஒன்று வெளியே இருக்கும்போது மற்றவை பின்னால் அறைகளில் இருக்கும். சிகிச்சை, இனச்சேர்க்கை, அடைப்பிடத்தில் பராமரிப்பு வேலை, வேறு பூங்காவுக்கு மாற்றுவது என்று ஒரு புலி கண்ணில் படாமல் இருக்கக் காரணங்கள் நிறைய உண்டு. அடுத்த தடவை அங்கே இருக்கும் கீப்பரிடம், "இன்னிக்கு எது வெளியில இருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காலியான இடத்தைப் பார்த்ததும் உங்கள் கைகால் நடுங்கியது புலிக்காக மட்டும் இல்லை. முகப்பில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று இல்லாமல் போனதை உடம்பு ஒருமுறை பார்த்திருக்கிறது. "இருக்க வேண்டிய இடத்தில் இல்லை" என்பதை அது இன்னொரு முறை பார்த்தது. ஒரே ஒரு விலங்கின் மேல் முழுப் பாரத்தையும் வைத்தால் இது மறுபடி நடக்கும், என்றாவது ஒருநாள் நிஜமாகவே நடக்கும். பராமரிப்பில் இருக்கும் புலிகூட 20 வயதைத் தொடுவது அரிது. 2021 ஜூனில் கொரோனா தொற்றி வண்டலூரிலேயே இரண்டு சிங்கங்கள் இறந்தன. ஆகவே அடுத்த முறையிலிருந்து மூன்றில் ஒரு தடவை வேறு இடத்தில் உட்காருங்கள்: சிங்கம், இல்லையென்றால் சிறுத்தை. உட்காரும் முறை அதேதான். உங்களை ஆற்றுவது அந்த முறை என்று உடம்புக்குத் தெரியவேண்டும்.

தாய்லாந்து வேண்டாம், ஆச்சி. தம்பி மகள் அன்போடுதான் சொல்கிறார், ஆனால் தொட்டுப் பார்க்க விடுகிற இடம் எதுவும் சரணாலயம் ஆகாது. தொட விடவேண்டும் என்றால் குட்டிகள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கவேண்டும். அவற்றைச் சில வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கவேண்டும். வளர்ந்து ஆபத்தானதும் அவை எங்கே போகின்றன என்பதுதான் கேள்வி. காஞ்சனபுரியில் 'புலிக் கோயில்' என்று பெயர் பெற்ற இடத்தில் 2016-இல் அரசு நுழைந்து 137 புலிகளை மீட்டது. உள்ளே உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. தாயையும் பிள்ளையையும் பிரித்து நடக்கிற காரியத்தில் உங்கள் துக்கத்துக்கு மருந்து இருக்காது. நல்ல இடத்துக்கு அடையாளம் எளிது: தொட விடமாட்டார்கள், மடியில் வைத்துப் படம் எடுக்க மாட்டார்கள், விலங்கு உங்கள் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். நம் நாட்டில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரமும் வேண்டும்.

வேறு இடம் பார்க்க ஆசை என்றால் பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னார்கட்டா இருக்கிறது. சர்க்கஸில் புலி, சிங்கத்தை வைத்து வித்தை காட்டுவதற்கு மத்திய அரசு 1998-இல் விதித்த தடையை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸ்களிலிருந்து மீட்ட விலங்குகளுக்காகப் பன்னார்கட்டா, வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைந்தன. புலிகள் காப்பகத்துக்கு, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, களக்காடு–முண்டந்துறை பக்கம், இந்த எண்ணத்தோடு போகாதீர்கள். காடு அழகுதான், ஆனால் அங்கே புலி கண்ணில் படுவது அபூர்வம். காத்திருந்து காணாமல் திரும்புவது இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது.

தத்தெடுப்பு பற்றி மகன் சொல்வது நல்ல மனசு. வண்டலூரில் விலங்கின் பராமரிப்புச் செலவை ஏற்கும் திட்டம் உண்டு. விலங்கு பூங்காவில்தான் இருக்கும், பணம் மட்டும் நாம் கட்டுவது. ஆனால் முதல் திவசம் முடியும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். துக்கத்தின் முதல் ஆண்டில் வீடு விற்பது, நகை பிரிப்பது, பெரிய நன்கொடை கொடுப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதே நல்லது. அதன் பிறகும் தோன்றினால் செய்யுங்கள். ஒரு வயசான புலியின் மேல் அவர் பெயரை எழுதாமல் மான் கூட்டத்துக்கோ பறவைகளுக்கோ கட்டுங்கள். அவர் பெயரில் இன்னொரு மரணச் செய்தி உங்களுக்கு வரக்கூடாது.

நாத்தனாருக்குப் பதில்: சண்டையும் வேண்டாம், நெடிய விளக்கமும் வேண்டாம். "அங்க போய் வந்தா தூங்குறேன்" என்று ஒரே வாக்கியம், கேட்கும்போதெல்லாம் அதே வாக்கியம். கோயில், விசேஷம் பற்றிய வழக்கம் குடும்பத்தின் மரியாதை, அதை நீங்கள் கடைப்பிடிப்பது சரி. விலங்கின் முன்னால் உட்கார்வது விசேஷம் இல்லை. முடிந்தால் ஒருமுறை அவரையும் கூட்டிப்போங்கள். அவருக்கும் அண்ணனோ தம்பியோ போயிருக்கிறாரே. அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வண்டலூர் மாதம் ஒரு நாள்தான். மீதி நாட்களுக்கு உங்கள் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். மழைக்குப் பிறகு கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே போய்வர அரை நாள் போதும். வீட்டுக்குள்ளும் ஒரு வழி உண்டு. காலையில் வெயில் ஏறுமுன் செருப்பில்லாமல் வளவில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் நில்லுங்கள். உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறுவதைக் கவனித்துக்கொண்டே நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்து மூச்சு. புலியின் விலாவைப் பார்த்துப் பழகிய அதே மூச்சுதான். ஒரு மாதத்தில் புலி இல்லாமலும் அது வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், சமையல், குளியல், மாத்திரை, பேச்சு எல்லாம் நின்றுபோகிற அளவுக்கு இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று தனிப் பெயரே உண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் அங்கே இல்லை. மாதம் ஒருமுறை கிளம்பிப் பஸ் ஏறுகிறீர்கள், பேரனைப் பற்றி எழுதுகிறீர்கள். ஆனால் "நானும் அவரோடு போய்விட்டால் என்ன" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அடுத்த வண்டலூர் பயணம் வரை காத்திருக்காதீர்கள். 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ், இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

அடுத்த பயணம் ஒரு புதன்கிழமையாக இருக்கட்டும். முதலில் கீப்பரிடம் கேளுங்கள், பிறகு உட்காருங்கள். இடம் காலியாக இருந்தால் எழுந்து ஓடவேண்டாம். பத்து மூச்சு வரை அந்தக் காலி இடத்தையே பாருங்கள்: புல் மடங்கிக் கிடக்கும் இடம், ஈரத்தில் பதிந்த பாதம், நிழல். அதன் பிறகு சிங்கத்தின் பக்கம் நடந்து போங்கள். நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக, "இன்று வரவில்லை, நான் இருந்தேன்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.